எதிராளிக்கு ஒரு திண்ணை

(பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சற்று முன்னால் எழுந்து நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினோம். நாற்காலிச் சத்தம் அடங்குவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டை எழுதியவர் ஒரு தத்துவப் பேராசிரியர். நம்மூர்ப் பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகையில் தினமும் பார்க்கிறோமே, அதே மனோன்மணீயம் சுந்தரனார்தான். 1891-ல் வெளிவந்த நாடகத்தின் முகப்பில் அவர் வைத்த வாழ்த்து, 1970-ல் அரசு விழாக்களில் பாடும் பாடலானது. ஆனபோது நடுவில் சில வரிகளை விட்டுவிட்டார்கள். வடமொழி வழக்கொழிந்து போனது என்ற கருத்து அந்த வரிகளில் வருகிறது, யார் மனமும் புண்படக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். நியாயம்தான். ஆனால் அதே இடத்தில் ஒரு பரம்பொருளும் இருந்தது. எத்தனையோ உயிர்களையும் உலகங்களையும் படைத்துக் காத்துத் துடைத்த பிறகும், தான் மட்டும் முன்பிருந்தபடியே இருக்கும் பொருள். அதைப் போலத் தமிழும் பல மொழிகளைப் பெற்ற பிறகும் இளமை குறையாமல் இருக்கிறாள் என்பது புலவர் கட்டிய உவமை. கத்தரி விழுந்தபோது பரம்பொருளும் கூடவே விழுந்துவிட்டது.

பெரியாரின் வழிவந்தவர்கள் நடத்திய ஆட்சி அது. கடவுளை வேண்டுமென்றே எடுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எடுத்த பிறகும் பாட்டு நிற்கிறது, அதுதான் எனக்கு வேடிக்கை. சாமி கும்பிடுகிறவரும் எழுந்து நிற்கிறார், கும்பிடாதவரும் எழுந்து நிற்கிறார். எழுதியவரைக் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாரா? மாட்டார் என்றே நினைக்கிறேன். அவருக்கு அது பாட்டின் முதுகெலும்பு.

இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு, ஒரு மனிதனுடைய கடவுள் நம்பிக்கையையோ மறுப்பையோ தத்துவவாதிகள் எப்படி உருவாக்குகிறார்கள் என்பது. முப்பது வருஷம் வகுப்பில் தத்துவம் நடத்தியவனிடம் இதைக் கேட்டால், உருவாக்குவதே நாங்கள்தான் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் என் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டதனால் ஒரு பையன் விபூதியை அழித்ததையும் நான் பார்த்ததில்லை, புதிதாகப் பூசியதையும் பார்த்ததில்லை. நம்பிக்கை வீட்டிலிருந்து வருகிறது. அவநம்பிக்கை பெரும்பாலும் ஒரு சாவிலிருந்தோ அவமானத்திலிருந்தோ வருகிறது. பிறகு தத்துவவாதிக்கு என்ன வேலை? அதைத்தான் நம் ஆற்றங்கரை ஆட்களை வைத்துப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

சுந்தரனாரையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1855-ல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் ராபர்ட் ஹார்வி என்ற பேராசிரியரிடம் மேலைத் தத்துவம் கற்று, அவர்மீது பற்று வைத்தார். பிற்காலத்தில் தன் வீட்டுக்கே ஹார்விபுரம் என்று பெயர் வைக்கிற அளவுக்குப் பற்று. 1870-களின் பிற்பகுதியில், இன்று இந்துக் கல்லூரியாக நிற்கும் பள்ளியின் தலைமைப் பொறுப்பேற்றுத் திருநெல்வேலிக்கு வந்தார். அந்தச் சில ஆண்டுகளில்தான் கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் தொடர்பு ஏற்பட்டது. கோடகநல்லூர் தெரியும் அல்லவா? சுத்தமல்லிக்குப் பக்கம், நவகைலாசத்தில் ஒன்று. ஐரோப்பியத் தத்துவத்தைக் கரைத்துக் குடித்த இளைஞர் அங்கே போய் ஒரு துறவியின் முன்னால் உட்கார்ந்தார். நாடகத்தில் வருகிற சுந்தர முனிவர் அந்தக் குருவின் சாயல்தான்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக இதோடு நிறுத்திக்கொள்வார்கள். மேற்கைப் படித்தார், கிழக்குக்குத் திரும்பினார், சுபம். அப்படி நடக்கவில்லை. கோடகநல்லூருக்குப் போய்வந்த பிறகும் அவர் மேலைத் தத்துவத்தை விடவில்லை, அதையே பாடமாக நடத்தினார். அறிவியல் துறைகளை வகைப்படுத்தி 1888-ல் நூற்றொகை விளக்கம் என்றொரு நூல் எழுதினார். திருவனந்தபுரத்தில் சைவப் பிரகாச சபையும் நடத்தினார். ஹார்வி, கோடகநல்லூர்த் துறவி இரண்டு பேரும் கடைசிவரை அவருக்குள் குடியிருந்தார்கள். மனோன்மணீயத்தில் நடராசன் வயல்வெளியில் நின்று புல்லையும் வாய்க்காலையும் நாங்கூழ்ப் புழுவையும் பார்த்துப் பேசுகிற இடம் ஒன்று உண்டு. நாங்கூழ் என்றால் மண்புழு. அது மண்ணைத் தின்று, பொடியாக்கி, உழவனுக்கு முன்னாலேயே உழுதுவைக்கிறது என்று வியக்கிறான். டார்வின் மண்புழுவைப் பற்றி எழுதிய புத்தகம் 1881-ல் வந்தது. அந்தக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புத்தகம்தான் ஞாபகம் வரும். அங்கே புழு இயற்கையின் பொறுமைக்குச் சாட்சி. இங்கே அதே புழு, கைம்மாறு கேட்காத உழைப்புக்குச் சாட்சியாகி, கடைசியில் அருளுக்கே சாட்சியாகிவிடுகிறது. புழு ஒன்றுதான், மண்ணும் ஒன்றுதான்.

42 வயதில், 1897-ல் போய்விட்டார். இன்னும் இருபது வருஷம் இருந்திருந்தால் அந்த இரண்டு பேரும் உள்ளுக்குள் சண்டை போட்டிருப்பார்களோ என்னவோ.

என் கதைக்கு வருகிறேன். எனக்குப் பத்தொன்பது வயது. நூலகத்தில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் சொற்பொழிவு ஒன்றைப் படித்தேன். 1927 மார்ச் 6-ஆம் தேதி, லண்டனில் பேட்டர்சீ நகர மண்டபத்தில், தான் ஏன் கிறிஸ்தவன் அல்ல என்று அவர் பேசியது. அதில் தன் இளமைக் கதை ஒன்றைச் சொல்கிறார். உலகத்துக்கு ஒரு முதற்காரணம் இருக்க வேண்டும், அதுவே கடவுள் என்ற வாதத்தை அவரும் வெகுநாள் நம்பியிருந்தாராம். பதினெட்டு வயதில் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் தன்வரலாற்றைப் படிக்கும்போது ஒரு வாக்கியத்தில் அது சரிந்துவிட்டது. என்னைப் படைத்தது யார் என்ற கேள்விக்கு விடை கிடையாது, ஏனென்றால் உடனே கடவுளைப் படைத்தது யார் என்ற கேள்வி வந்து நிற்கும் என்று மில்லுக்கு அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். அப்பா மகனுக்குச் சொன்னது, மகன் புத்தகத்தில் எழுதிவைத்தது, இன்னொரு பையன் கையில் போய்ச் சேர்ந்தது. அந்த மில்தான் ரஸ்ஸலுக்கு, மதச் சடங்கு எதுவும் இல்லாத முறையில், ஞானத்தந்தை. நம் பக்கம் இதை ஞானத்தகப்பன் என்று சொல்வோம். குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் ஞானத்தகப்பன் இறந்துவிட்டார். ஆனாலும் தன் கடமையைச் செய்தார் பாருங்கள்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து வீட்டில் யாரைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைத்தான் கேட்டேன். கடவுளைப் படைச்சது யாரு? என் தகப்பனார் பதில் சொல்லவில்லை. தெருவில் ஒரு ஓதுவார் இருந்தார், அவரிடமும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, ஒன்னய யாரு படைச்சா?" என்றார். கடவுள் என்றேன். "யாருடே சொன்னா?" என்றார்.

எனக்கு விளங்கப் பல வருஷம் ஆயிற்று. அவர் கிண்டல் செய்யவில்லை, சித்தாந்தம் சொன்னார். சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம், அதாவது கடவுள், உயிர், அழுக்கு மூன்றுமே தொடக்கம் இல்லாதவை. உயிரைக் கடவுள் படைக்கவில்லை. காருக்குறிச்சியில் பானை வனைகிறவரைப் பார்த்திருப்பீர்கள். மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், வனைகிறவர் நிமித்த காரணம். மண்ணை அவர் உண்டாக்கவில்லை. பானை யாருக்காக வனையப்படுகிறதோ அவரையும் அவர் உண்டாக்கவில்லை. உயிர் என்றைக்கும் இருக்கிறது, அழுக்கோடு இருக்கிறது, அதைக் கழுவிக்கொள்ள ஒரு உடம்பும் உலகமும் அதற்குத் தரப்படுகின்றன. ஆக, என்னைப் படைத்தது யார் என்று தொடங்குகிற மில்லின் ஏணிக்கு இங்கே முதல் படியே கிடையாது. ரஸ்ஸல் இடித்தது பக்கத்து ஊர்க் கோயிலை. நான் எங்கள் ஊர்க் கோயில் இடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க முழித்திருந்தேன்.

இதனால் சித்தாந்தம் உண்மை என்று ஆகிவிடாது. அதை நான் இன்றும் ஏற்கவில்லை. தொடக்கமே இல்லாத அழுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், தொடக்கம் இல்லை என்று சொன்னேனே, மறுபடி எப்படி என்று கேட்கிறாயே என்பார்கள். கெட்டிக்காரத்தனமான பதில், ஆனால் வயிறு நிறையாது. நான் சொல்ல வருவது வேறு. இல்லை என்று சொல்வதற்கு முன்னால், எதை இல்லை என்கிறோம் என்று தெரிய வேண்டும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ரஸ்ஸல் இல்லை, நம் விக்கிரமசிங்கபுரத்துக்காரர்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் அந்த ஊரில் பிறந்த சிவஞான முனிவர் 1785-ல் மறைந்தார். திருவாவடுதுறை ஆதீனத்துத் தம்பிரான். சிவஞான போதத்துக்கு அவர் எழுதிய மாபாடியம்தான் சித்தாந்தத்தின் பெரிய கோட்டை. நெடுங்காலம் ஏட்டிலேயே இருந்து, இருபதாம் நூற்றாண்டில்தான் முழுசாக அச்சேறியது. மனிதர் சண்டைக்காரர். மறுப்பு நூல்களாக எழுதித் தள்ளியிருக்கிறார். அவற்றில் ஒன்றின் பெயர், எடுத்து என்னும் சொல்லுக்கு இட்ட வைரக் குப்பாயம். ஒரே ஒரு சொல்லுக்கு வைரத்தில் சட்டை தைத்திருக்கிறார் ஐயா! யாழ்ப்பாணத்து ஞானப்பிரகாச முனிவர் சிவஞான சித்தியாருக்கு எழுதிய உரையில் குறை கண்டு, சிவசமவாத உரை மறுப்பு என்று இன்னொன்று. அந்த ஞானப்பிரகாசரின் ஊருக்கும் திருநெல்வேலி என்றுதான் பெயர், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. அவர் முனிவருக்கு முந்தின நூற்றாண்டு ஆள். ஒரு நெல்லைக்காரர் செத்து வெகுகாலம் ஆன பிறகும் இன்னொரு நெல்லைக்காரர் விடவில்லை.

மறுப்பதற்கு முன்னால் எதிராளி சொன்னதை எதிராளியே மெச்சும்படி சொல்ல வேண்டும் என்பது அந்த மரபின் சட்டம். முனிவருக்கு ஐந்நூறு வருஷம் முந்திய அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரை இரண்டாகப் பிரித்தார். சுபக்கம், தன் கட்சி. பரபக்கம், பிறர் கட்சி. பரபக்கத்தில் பதினான்கு கொள்கைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. முதலில் வருகிறவன் யார் தெரியுமா? உலகாயதன். கடவுள் இல்லை, வினை இல்லை, மறுபிறப்பு இல்லை, கண்ணால் கண்டதே அளவை என்கிறவன். அவனுக்குத் திண்ணையில் முதல் இடம் போட்டு, பேசு என்று விட்டுவிட்டு, அவன் பேசி முடித்த பிறகுதான் அருணந்தி வாய் திறக்கிறார்.

உலகாயத மரபில் ஒரு உவமை உண்டு. நம் ஊருக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். வெற்றிலையில் சிவப்பு இல்லை. பாக்கில் அந்தச் சிவப்பு இல்லை. சுண்ணாம்பு வெள்ளை. மூன்றையும் சேர்த்து மென்றால் வாய் சிவக்கிறது. அதுபோல மண்ணும் நீரும் தீயும் காற்றும் சேர்ந்த இடத்தில் அறிவு தோன்றுகிறது, பிரிந்தால் போய்விடுகிறது, தனியாக ஒரு உயிர் எதற்கு என்கிறான். மணிமேகலையில் வருகிற பூதவாதி, பூவையும் வெல்லத்தையும் ஊறப்போட்டால் போதை பிறக்கிறதே என்கிறான். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பனங்காட்டில் நின்று கலயத்தைப் பார்த்தவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். மூளையைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் இதைவிடப் புதிதாக என்ன சொல்லிவிட்டார்கள் என்று சில நேரம் தோன்றும். விவரம் கூடியிருக்கிறது, வாதத்தின் எலும்பு அதேதான்.

உலகாயதர்களின் சொந்த நூல்கள் அழிந்துவிட்டன. அவர்களுடைய பேச்சில் மிஞ்சியது பெரும்பாலும் அவர்களை மறுத்தவர்கள் எழுதிவைத்ததுதான். தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1959-ல் லோகாயதம் பற்றி எழுதிய பெரிய நூல் அந்தத் துண்டுகளை ஒட்டவைக்கிற வேலைதான். நம் ஊரில் அந்த வேலையைச் செய்தவர் பேராசிரியர் நா. வானமாமலை. 1917-ல் நாங்குநேரியில் பிறந்தவர், மார்க்சியர், பாளையங்கோட்டையில் வாழ்ந்தவர். 1960-களின் கடைசியில் நெல்லை ஆய்வுக் குழுவையும் 'ஆராய்ச்சி' இதழையும் தொடங்கியவர். இந்திய நாத்திகமும் மார்க்சியத் தத்துவமும் என்று நூலே எழுதினார். மடத்துத் தம்பிரான்கள் ஏட்டில் பொத்திப் பொத்திக் காப்பாற்றிவைத்த நாத்திகத்தை, கம்யூனிஸ்ட் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். வானமாமலை என்பது நாங்குநேரிப் பெருமாளின் பெயர் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதர்தான் முத்துப்பட்டன் கதையையும் பதிப்பித்தார். சக்கிலியர் குலத்துச் சகோதரிகள் இருவரைக் கட்டுவதற்காகப் பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்ட பிராமணனின் கதை. இன்றும் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாக வைக்கிறார்கள். கடவுளை நம்பாதவர் ஒரு சாமியின் கதையை வரி வரியாகத் திருத்திப் பதிப்பித்தாரே, எதற்கு? மக்கள் எதைக் கும்பிட்டார்கள் என்று தெரியாமல் எதை மறுப்பது?

ஆற்றின் கீழ்க்கோடிக்கும் ஒருமுறை போய்வந்துவிடுவோம். ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில் மதுரகவி கேட்ட கேள்வியை எல்லாரும் அறிவீர்கள். உயிரற்ற உடம்புக்குள் வந்து சேர்ந்த உயிர் எதை உண்டு எங்கே இருக்கும் என்று கேட்க, பேசாதிருந்த நம்மாழ்வார் முதல்முறையாக வாய் திறந்து, அதையே உண்டு அங்கேயே இருக்கும் என்றாராம். வெற்றிலைக்காரன் கேட்டிருந்தால் அங்கேயே ஒரு வாக்குவாதம் நடந்திருக்கும். திருவாய்மொழியின் முதல் பத்திலேயே, இறைவன் இருக்கிறான் என்றால் உருவமுள்ளவை எல்லாம் அவன், இல்லை என்றால் உருவமில்லாதவை எல்லாம் அவன் என்று ஒரு பாசுரம் போகும். உரைகாரர்கள் அதைச் சூனியவாதிக்குச் சொன்ன பதில் என்கிறார்கள். எனக்கு அது பதிலாகத் தெரியவில்லை. இல்லை என்கிற சொல்லைக்கூட வெளியே விட மனசில்லாமல் உள்ளே இழுத்துக்கொள்கிற பேராசையாகத் தெரிகிறது. அழகான பேராசை, ஆனால் நாத்திகனுக்கு நிற்க இடம் கொடுக்காத பேராசை. அருணந்தியின் திண்ணைதான் எனக்கு வசதி.

மதம் மாறியவர்கள் கதை வேறு மாதிரி. கரையிருப்பில் 1827-ல் வைணவக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ண பிள்ளை, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858-ல் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை ஆனார். ஜான் பனியனின் பயணக் கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் பாடினார், 1894-ல் வெளிவந்தது. கிறிஸ்தவக் கம்பன் என்கிறார்கள். சரியான பட்டம்தான், ஏனென்றால் சாமி மாறிய பிறகும் நாக்கு மாறவில்லை. கம்பனிடமும் ஆழ்வார்களிடமும் பழகிய அதே உருக்கம் சிலுவைக்கு முன்னால் நிற்கிறது. நம்பிக்கையை ஒரே நாளில் மாற்றிக்கொள்ள முடிந்தவருக்கு விருத்தத்தை மாற்ற முடியவில்லை.

வ.உ.சி.யைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1908-ல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனவர், பிற்பாடு அது குறைக்கப்பட்டது. அந்தச் சிறைக் காலத்தில் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் புத்தகத்தை மனம்போல வாழ்வு என்று தமிழாக்கினார். ஆங்கிலேயன் செக்கிழுக்க வைத்தான், இன்னொரு ஆங்கிலேயன் ஆறுதல் சொன்னான். விடுதலையாகி வந்து பல வருஷம் கழித்து, 1935-ல் சிவஞான போதத்துக்கு உரை வெளியிட்டார். அடுத்த வருஷம் காலமானார்.

இதுவரை புத்தகம் படித்தவர்களைப் பற்றியே பேசிவிட்டேன். சுந்தரனார் கோடகநல்லூருக்குப் போய்வந்துகொண்டிருந்த அதே 1877-78-ல் இந்த ஜில்லாவில் கடும் பஞ்சம். தேரிக் காட்டிலும் பனங்காட்டிலும் ஆயிரக்கணக்கானவர்கள் கிறிஸ்தவத்தில் சேர்ந்தார்கள். கால்டுவெல் காலத்து மிஷன் வரலாறு முழுக்க அதுதான். கஞ்சிக்காகப் போனார்கள் என்று ஒரு சாரார் இன்றும் ஏளனம் பேசுவார்கள். கஞ்சி ஊற்றாத கடவுளை விட்டு ஊற்றின கடவுளிடம் போவதில் தத்துவம் இல்லையா? பசித்தவன் செய்கிற தர்க்கம் அது.

கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவனுக்கும் முதற்காரணம் பற்றிய கேள்வி முதல் கேள்வி இல்லை. கழுகுமலைத் தேர்வீதி யாருடையது என்று 1895-ல் ரத்தம் சிந்தினார்கள். கமுதிக் கோயிலுக்குள் போகலாமா என்ற வழக்கு லண்டன் வரை போயிற்று, போனவர்கள் தோற்றார்கள். இந்த மண்ணில்தான் பெரியாரின் நாத்திகம் வேர் பிடித்தது. அவர் மேலைநாட்டு நாத்திகர்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார், இங்கர்சால் பெயர் தெரியாத சுயமரியாதைக்காரர் கிடையாது. பகத் சிங் 1930-ல் லாகூர்ச் சிறையில் எழுதிய நாத்திகக் கட்டுரையை, பூதப்பாண்டிக்காரரான ஜீவா மொழிபெயர்த்துக் குடிஅரசு பதிப்பகம் வெளியிட்டது, அதற்காக வழக்கும் வந்தது. ஆனாலும் ரஸ்ஸலுடைய கேள்வி வேறு, பெரியாருடைய கேள்வி வேறு. ரஸ்ஸல், வாதம் செல்லுமா என்று கேட்டார். பெரியார், உன் சாமி என்னை ஏன் வெளியே நிறுத்துகிறது என்று கேட்டார். முதல் கேள்விக்குச் சிவஞான முனிவரிடம் பதில் உண்டு. இரண்டாவதற்கு மாபாடியம் முழுக்கத் தேடினாலும் எனக்குக் கிடைக்கவில்லை. பதினான்கு பேருக்குத் திண்ணையில் இடம் போட்டார்கள், வாசலுக்கு வெளியே நின்றவனுக்கு ஒரு கட்சி இருக்கும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. பரபக்கத்தின் பெரிய ஓட்டை அது.

புதுமைப்பித்தனை விட்டுவிட்டு நெல்லையில் கடவுளைப் பற்றிப் பேசினால் நீங்கள் என்னை வீட்டுக்கு விடமாட்டீர்கள். அவர் கதையில் வருகிற கந்தசாமிப் பிள்ளை, மதராஸ் தெருவில் எதிர்ப்படுகிற கடவுளைக் காபி ஓட்டலுக்குக் கூட்டிப்போகிறார், தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கிறார். யாருடைய ஆயுள் என்று கடவுள் கேட்கிறார். கடவுள் உண்டா இல்லையா என்று கதையில் யாரும் விவாதிக்கவில்லை. வந்துவிட்டார், இனி என்ன செய்வது என்பதுதான் சிக்கல். ஆயிரம் பக்கத் தத்துவம் தொடாத ஒரு மூலையை அந்த ஆயுள் சந்தா தொட்டுவிடுகிறது.

தொ. பரமசிவன் அண்ணாச்சியை உங்களில் பலருக்கு நேரில் தெரியும். 2020 டிசம்பர் 24-ல் போனார். பெரியாரியர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது அழகர் கோயில். ஆழ்வார் பாசுரம் பேச ஆரம்பித்தால் கண் கலங்கும். இது என்ன முரண்பாடு என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, முரண்பாடு இருந்த இடத்தில்தான் ஆராய்ச்சி பிறந்தது. நம்புகிறவனுக்கு அழகர் சாமி. சாதாரண மறுப்பாளனுக்கு அழகர் கல். இவருக்கு மட்டும்தான், கள்ளர்களும் இடையர்களும் பள்ளர் பறையரும் ஒரு பெருமாளை ஏன் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்ற கேள்வி தோன்றியது. பெரியாரிடமிருந்து வாசலில் நிற்கிறவனைப் பார்க்கக் கற்றார். பார்த்தால், வாசலில் நின்றவனிடமும் ஒரு சாமி இருந்தது.

நேரம் ஆகிவிட்டது. ரஸ்ஸல் படித்த அந்த வருஷத்தைப் பாதியில் விட்டுவிட்டேன், அதை முடித்துவிடுகிறேன். ஐப்பசி கடைசி. ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்கு நடுவில் பாறையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். பெருவெள்ளம் என்றால் கோயில் முங்கிவிடும். அதற்கு முன்னால் உற்சவரையும் சாமான்களையும் கரையில் இருக்கிற மேலக்கோயிலுக்கு எடுத்துவந்துவிடுவார்கள். என் ஆச்சி வெள்ளம் பார்க்கப் போக வேண்டும் என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். கையில் எப்போதும் போல வெற்றிலைச் செல்லம். சாமியைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

"ஏன் ஆச்சி, தன்னையே காப்பாத்திக்கிட முடியாத சாமி, ஒன்னய எப்படிக் காப்பாத்தும்?"

ஆச்சி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏல, வெள்ளம் வந்தா வீட்டுல கெடக்க சின்னப் பிள்ளய நாமதானல தூக்கிட்டு ஓடணும்? அது எப்பிடில தன்னால வரும்?"

காப்பாற்றுகிறவன் கடவுள் என்று எனக்கு யார் சொன்னது? ரஸ்ஸல் மறுத்த கடவுளைத்தான் நான் ஆச்சியிடமும் மறுத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் இருந்தது தூக்கிச் சுமக்க வேண்டிய ஒரு பிள்ளை. பெரியபுராணம் தெரியாது, பரபக்கம் கேள்விப்பட்டதில்லை, வாய் மட்டும் நல்ல சிவப்பு.

அதற்குள் படித்துறையில் யாரோ என்னைப் பார்த்து, "தம்பி, சும்மாதான நிக்க, ஒரு கை பிடி" என்றார். பித்தளைக் குத்துவிளக்கு, ஆள் உயரம். ஒரு பக்கத்தை நான் தூக்கிக்கொண்டேன். நம்பிக்கை ஒன்றும் வரவில்லை. விளக்கு நல்ல கனம். மேலக்கோயில் வரை இரண்டு தடவை இறக்கிவைத்துக் கை மாற்றிக்கொண்டோம்.